டென்னிஸ் யாருக்கு?

டென்னிஸ் என்னும் பந்தாட்டத்தைப்பற்றி நாம் எழுதப் புகுந்ததைக் கண்டு நம் தோழர்களில் சிலர் ஆச்சரியப்படக்கூடும். "கோவிலைப்பற்றியும் குருக்களைப்பற்றியும் எழுதுகிற பத்திரிகைக்குப் பந்தும் மட்டையும் எதற்கு? கஞ்சிக்கு வழியில்லாதவனுக்கு டென்னிஸ் ஒரு கேடா?" என்றுகூடக் கேட்கலாம். ஆனால் அப்படிக் கேட்கிறவர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். "கூழுக்கு வழியில்லாதவனுக்குப் படிப்பு எதற்கு?" என்று ஒரு காலத்தில் கேட்கவில்லையா? "வயலில் இறங்குகிறவனுக்குச் செருப்பு எதற்கு?" என்று கேட்கவில்லையா? "பெண்ணாய்ப் பிறந்தவளுக்குச் சொத்து எதற்கு?" என்று கேட்கவில்லையா? உயர்ந்தது என்று பேர்பெற்ற எந்தப் பொருளையாவது உழைக்கிறவன் தொடப்போனால், "உனக்கு எதற்கு?" என்று கேட்பதுதான் வருணாசிரமத்தின் முதல் வார்த்தை. ஆதலால் அந்த வார்த்தை எங்கே காதில் விழுந்தாலும் அங்கே சுயமரியாதைக்காரனுக்கு வேலை இருக்கின்றது.

டென்னிஸ் பணக்காரர் ஆட்டம் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்ளுகிறார்கள். ஏன் அது பணக்காரர் ஆட்டமாயிருக்கிறது என்று விசாரிப்பவர்கள்தான் இல்லை. மழை மேலிருந்து பெய்வதுபோல இதுவும் ஒரு இயற்கை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "சடுகுடு ஏழைக்கு, டென்னிஸ் பணக்காரனுக்கு, அவனவனுக்கு அவனவன் ஆட்டம்" என்று சமாதானமும் சொல்லிக்கொள்ளுகிறார்கள். அவனவனுக்கு அவனவன் தொழில் என்றவர்களும் இதே மாதிரிதான் சொன்னார்கள். ஆகவே, உண்மையில் செலவு எங்கே இருக்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

செவிலிமேட்டுக் கணக்கு

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே பாலாற்றங்கரைப் பக்கமாகச் செவிலிமேடு என்னும் ஊர் இருக்கின்றது. முன்பு தனிப் பேரூராட்சியாயிருந்து, இப்பொழுது காஞ்சிபுரம் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்டது. உலகமெல்லாம் பேர்போன காஞ்சிப் பட்டுச் சேலைக்கு உழைக்கிற வட்டாரம் அது. அங்கே ஒரு நெசவாளியின் வீட்டை மனதில் வைத்துக்கொள்ளுவோம். அந்த வீட்டில் பத்து வயதுள்ள ஒரு பெண் டென்னிஸ் ஆட ஆசைப்படுகிறாள் என்றும் வைத்துக்கொள்ளுவோம். ஒரு வருஷத்துக்கு அவளுக்கு ஆகக்கூடிய செலவு என்ன? இன்றைய கடைவிலையை ஏறத்தாழ எடுத்துக்கொண்டு, எல்லாவற்றிலும் மலிவானதையே பொறுக்கி எழுதுகின்றோம். ஊருக்கு ஊர் இது சற்று ஏறலாம், இறங்கலாம்.

மட்டை ஒன்றுக்கு: ரூ.2,000

அறுந்த நரம்பை மாற்றிக் கட்ட, நான்கு முறைக்கு: ரூ.2,800

பந்து, மாதம் ஒரு டப்பா வீதம்: ரூ.6,000

காலணி இரண்டு ஜோடிக்கு: ரூ.5,000

கற்றுக்கொடுப்பவருக்கும் ஆடும் இடத்துக்குமாக மாதம் ரூ.2,500 வீதம்: ரூ.30,000

ஆக மொத்தம்: ரூ.45,800

இது ஆரம்பத்தில் கற்றுக்கொள்ளும் குழந்தையின் செலவே தவிர, பந்தயத்துக்குப் போகிற ஆட்டக்காரியின் செலவல்ல. நாலு வருஷம் கழித்து அவள் நன்றாக ஆடத் தொடங்கினால் நல்ல மட்டை ஒன்றே பத்தாயிரம், இருபதாயிரம் என்று போகும். பந்தயத்துக்கு ரயில் சத்தம், தங்கும் அறை, துணைக்குப் போகும் பெற்றோரின் சாப்பாடு, அவர்கள் இழக்கும் கூலி எல்லாம் அதன்மேல் ஏறும்.

இனி வரவைப் பார்ப்போம். சர்க்கார் எடுத்த 2019-20 ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கின்படி, நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாதம் ரூ.5,000க்கு உட்பட்ட வருமானத்தில் ஜீவிப்பவை. அதாவது வருஷத்துக்கு ரூ.60,000. அதில் நாலில் மூன்று பங்கைக் கொடுத்தால் ஒரு குழந்தை டென்னிஸ் கற்கலாம். மீதிக் கால் பங்கில் குடும்பம் முழுவதும் சாப்பிடலாம், உடுக்கலாம், வாடகை கொடுக்கலாம்! "காஞ்சிப் பட்டுக்குக் கூலி அதிகமாயிற்றே" என்பார்கள். சரி, வாதத்துக்காக இரட்டிப்பாகவே வைத்துக்கொள்ளுவோம். மாதம் பத்தாயிரம் வந்தாலும் பத்தில் நாலு பங்கு இந்த ஆட்டத்துக்குப் போகும். எந்தத் தகப்பன் கொடுப்பான்? கொடுக்காததால் அவனுக்குப் பிள்ளைமேல் அன்பில்லை என்று எந்த மூடன் சொல்லுவான்?

ஆனால் மேலே கண்ட பட்டியலில் முக்கியமான ஒரு விஷயம் அடங்கியிருக்கின்றது. மட்டை, நரம்பு, பந்து, காலணி ஆகிய நான்கும் சேர்ந்து ரூ.15,800தான். மீதி ரூ.30,000, அதாவது மூன்றில் இரண்டு பங்கு, ஆடுவதற்கு ஓர் இடத்துக்கும் கற்றுக்கொடுக்க ஓர் ஆளுக்குமே போகின்றது. ஆகவே டென்னிஸில் விலையுயர்ந்தது மட்டையுமல்ல, பந்துமல்ல. ஆடுகளத்தைச் சுற்றிப் போட்டிருக்கும் வேலிதான் விலையுயர்ந்தது. மட்டையைத் தகப்பன் ஒரு பொங்கலுக்குத் துணி எடுக்காமல் வாங்கிக் கொடுத்துவிடுவான். வேலியை அவன் ஒருவனால் பிடுங்க முடியாது.

பிறக்கும்போதே போட்ட வேலி

இந்த வேலி இன்று நேற்றுப் போட்டதல்ல. 1874-ல் இங்கிலாந்தில் மேஜர் விங்ஃபீல்டு என்பவர் இந்த ஆட்டத்துக்குப் பேட்டண்டு வாங்கி, வலை, மட்டை, பந்து எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் வைத்து ஐந்து கினி விலைக்கு விற்றார். அந்நாட்டுப் பண்ணைக் கூலியாளுக்கு அது ஒரு மாதக் கூலிக்கும் மேற்பட்ட பணம். விம்பிள்டன் பந்தயம் 1877-ல் தொடங்கியது. அது முதல் 1968 வரையில் அங்கே பணத்துக்காக ஆடுகிறவன் உள்ளே நுழையக்கூடாது என்று விதி இருந்தது. கேட்பதற்கு இது மிகவும் தூய்மையான விதியாகத் தோன்றும். அதன் பொருள் என்னவென்றால், அப்பன் தேடி வைத்த சொத்தில் சாப்பிட்டுக்கொண்டு ஆடுகிறவன் உத்தமன். ஆடிய ஆட்டத்துக்குக் கூலி கேட்டு வயிறு வளர்ப்பவன் தீண்டத்தகாதவன் என்பதேயாகும். அந்நாட்டுப் படகுப் பந்தயக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், 1879-ல் ஹென்லி என்னுமிடத்தில் செய்த விதியில், கூலிக்குக் கைத்தொழில் செய்கிறவனும் உடலுழைப்புக்காரனும் பந்தயத்துக்கு யோக்கியதையற்றவர்கள் என்று பச்சையாகவே எழுதி வைத்தார்கள். நம் செவிலிமேட்டு நெசவாளி அன்று லண்டனில் பிறந்திருந்தாலும் அந்தப் படகில் கால் வைத்திருக்க முடியாது. இது மநு எழுதியதல்ல. ஆனால் மநு படித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அதே வெள்ளைக்காரர்கள் இங்கே வந்து கிளப்புகளைக் கட்டினார்கள். 1832-ல் ஏற்பட்ட மெட்ராஸ் கிளப்பில் இந்தியனுக்கு இடமில்லை. சேப்பாக்கத்தில் இந்திய ஆட்டக்காரர்களை மட்டமாய் நடத்தியதைப் பொறுக்காமல் புச்சிபாபு நாயுடு 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை ஏற்படுத்தினார். அதை நாம் பாராட்டுகின்றோம். ஆனால் அதற்குப் பிறகு நம்மவர்கள் என்ன செய்தார்கள்? வெள்ளைக்காரன் தோலைப் பார்த்துக் கதவைச் சாத்தினான். நம்மவர்கள் கட்டணத்தைக் காட்டிச் சாத்தினார்கள். 2014-ல் சென்னையில் ஒரு கிளப்பில் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரையே, வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக உள்ளே விடவில்லை. அதன்பேரில் சட்டசபையில் சட்டம் செய்து அந்தத் தடையை நீக்க வேண்டியதாயிற்று. வெள்ளைக்காரன் போய் அறுபத்தேழு வருஷத்துக்குப் பிறகு நடந்த சங்கதி இது! வேட்டி கட்டிய நீதிபதிக்கே அந்தக் கதி என்றால், அந்த வேட்டியை நெய்தவன் பிள்ளைக்கு என்ன கதி என்று நாம் சொல்லவும் வேண்டுமா? வேட்டிக்குச் சட்டம் வந்தது. வெறுங்கைக்கு இன்னும் சட்டம் வரவில்லை.

குடல் நரம்பும் மடியாசாரமும்

இடையில் ஒரு சிறு வேடிக்கையையும் சொல்லிவிடுகின்றோம். டென்னிஸ் மட்டையில் கட்டும் நரம்பு, ஆரம்ப காலத்தில் ஆட்டுக் குடலையும் பின்னர் மாட்டுக் குடலையும் உலர்த்தி முறுக்கிச் செய்ததாகும். நைலான் முதலியவை வந்தபிறகும், இன்றைக்கும் உயர்ந்த விலைக்கு விற்கும் இயற்கை நரம்பு மாட்டுக் குடலிலிருந்தே செய்யப்படுகின்றது. தோல் பதனிடுகிறவன் எதிரே வந்தால் ஸ்நானம் செய்யவேண்டும் என்று சொன்ன வைதிகக் குடும்பங்களில் பிறந்த பெரிய உத்தியோகஸ்தர்கள், அந்தக் காலத்தில் மாலை நேரத்தில் கிளப்புக்குப் போய் இந்தக் குடல் நரம்பு கட்டிய மட்டையைப் பிடித்து ஆடினார்கள். அப்பொழுது எந்த ஆசாரமும் கெடவில்லை. எந்தச் சாஸ்திரமும் குறுக்கே வரவில்லை. குடலை உருவிக் கொடுத்தவன் மாத்திரம் வேலிக்கு வெளியே. அவன் பிள்ளை வேலிக்கு உள்ளே வரவேண்டுமானால் பந்து பொறுக்கவே வரலாம். தீண்டாமை என்பது பொருளைப்பற்றியதல்ல, ஆளைப்பற்றியதுதான் என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்ச சாட்சி என்ன வேண்டும்?

"திறமை இருந்தால் தானே வருவான்"

இனி நம் எதிரிகளின் பெரிய வாதத்துக்கு வருவோம். "திறமை உள்ளவன் எப்படியும் முன்னுக்கு வருவான்; தமிழ்நாட்டிலிருந்தே எத்தனை பேர் வரவில்லையா?" என்கிறார்கள்.

வந்தார்கள். இராமநாதன் கிருஷ்ணன் 1954-ல் விம்பிள்டன் சிறுவர் பட்டம் பெற்று, 1960, 1961 ஆகிய இரண்டு வருஷங்களிலும் பெரியவர் பந்தயத்தில் அரையிறுதிவரை போனார். அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979-ல் அதே சிறுவர் பட்டத்தைப் பெற்றார். விஜய் அமிர்தராஜ் 1973-லும் 1981-லும் விம்பிள்டன் கால் இறுதிக்குப் போனார். அவர் சகோதரர்களும் ஆட்டக்காரர்களே. இவர்களுடைய திறமையையும் உழைப்பையும் நாம் ஒரு சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு கேள்வி. அப்பன் மகனுக்குக் கற்றுக்கொடுத்தான், அண்ணன் தம்பிக்குக் கற்றுக்கொடுத்தான் என்று இந்த வித்தை ஏன் சில வீடுகளுக்குள்ளேயே சுற்றிவந்தது? கிருஷ்ணனுக்கு முதல் ஆசிரியர் அவருடைய தகப்பனார் டி.கே. இராமநாதனே. வீட்டிலேயே ஆசிரியரும் பக்கத்திலேயே ஆடுகளமும் அமைந்தால், மேலே நாம் காட்டிய பட்டியலில் மூன்றில் இரண்டு பங்கு அடிபட்டுப் போகிறதல்லவா? அது அமையாத வீட்டுக் குழந்தைக்குத் திறமை இருந்ததா இல்லையா என்பதை யார் கண்டார்கள்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பழமொழி சொல்லுவார்கள். கூடமே இல்லாதவளை என்னவென்று சொல்லுவது?

செலவை வேறொருவர் ஏற்றுக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கும் சென்னையிலேயே அத்தாட்சி இருக்கின்றது. 1985-ல் அமிர்தராஜ் குடும்பத்தார் ஒரு பிஸ்கோத்துக் கம்பெனியின் பண உதவியோடு பயிற்சித் திட்டம் ஒன்றை ஆரம்பித்து, பொறுக்கி எடுத்த பிள்ளைகளுக்குத் தங்குமிடம், சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் கொடுத்தார்கள். அங்கிருந்து வந்தவர்தான் லியாண்டர் பயஸ். 1990-ல் விம்பிள்டன் சிறுவர் பட்டமும், 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலமும் பெற்றார். அவர் ஏழை வீட்டுப் பிள்ளையல்ல. ஒலிம்பிக்கில் ஹாக்கி ஆடிய தகப்பனுக்குப் பிறந்தவர். அப்படிப்பட்டவருக்கே இந்தக் கைத்தாங்கல் வேண்டியிருந்ததென்றால், தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருப்பவன் மகனைப் பார்த்து "தானே வா" என்று சொல்லுவது யோக்கியமா?

மேலே போனவர்கள் நிலைமையாவது சுகமா என்றால் அதுவுமில்லை. சர்வதேச டென்னிஸ் சங்கம் 2013-ம் வருஷத்துக் கணக்கை ஆராய்ந்து பார்த்ததில், தொழிலாக ஆடுகிறவனுக்குப் பயிற்சியாளர் சம்பளம் நீங்கலாகவே வருஷத்துக்குச் சுமார் 38,800 டாலர் செலவாகிறது என்றும், உலகம் முழுவதிலும் 336 ஆண்களும் 253 பெண்களுமே கைநஷ்டமில்லாமல் பிழைக்கிறார்கள் என்றும் கண்டது. இந்தியாவின் முதல் ஒற்றையர் ஆட்டக்காரராயிருந்த சுமித் நாகல், வருஷத்துக்கு ஒரு கோடி ரூபாய் அளவில் செலவு செய்து ஆடியபின் தம் பாங்கிக் கணக்கில் 900 யூரோ, அதாவது சுமார் எண்பதாயிரம் ரூபாயே மிஞ்சியிருக்கிறது என்று 2023 செப்டம்பரில் பகிரங்கமாய்ச் சொன்னார். அடுத்த நாலாவது மாதம் ஆஸ்திரேலியப் பந்தயத்தில் உலக வரிசையில் முன்னணியில் வைக்கப்பட்ட ஒருவரைத் தோற்கடித்தார். திறமைக்குக் குறைவில்லை, பைக்குத்தான் குறைவு. தேசத்தின் தலைமகனுக்கே இந்த நிலை என்றால், கடைமகளுக்கு "திறமை இருந்தால் வா" என்பது கேலியல்லாமல் வேறென்ன?

கடல் கடந்து பார்த்தாலும் இதே பாடந்தான். அமெரிக்காவில் ஆர்தர் ஆஷ் என்னும் கறுப்பர், பிறந்த ரிச்மண்டு நகரத்தில் வெள்ளையர் ஆடுகளத்தில் கால் வைக்க அனுமதியில்லாமல் வளர்ந்து, 1975-ல் விம்பிள்டனையே ஜெயித்தார். வீனஸ், செரீனா என்னும் வில்லியம்ஸ் சகோதரிகள் காம்ப்டன் என்னும் ஏழை ஊரின் பொது ஆடுகளத்தில் தகப்பனிடம் கற்று உலகத்தை ஆண்டார்கள். அந்த ஊர் ஏழை ஊர்தான். ஆனால் அங்கே காசு கேட்காத ஓர் ஆடுகளம் இருந்தது. "பொது" என்ற அந்த ஒரே வார்த்தையில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கின்றது.

பணத்தைவிடப் பெரிய செலவு

இடத்துக்கும் ஆசிரியருக்கும் அடுத்தபடியாக மூன்றாவது செலவு ஒன்று உண்டு. அது எந்தக் கடையிலும் விற்காது. அதுதான் குழந்தையின் பொழுது.

காஞ்சிபுரம் சேலையில் உடலுக்கு ஒரு வர்ணமும் கரைக்கு ஒரு வர்ணமும் இருக்கும். இரண்டையும் கோர்வையாகப் பின்னுவதற்கு நெய்கிறவன் ஒருவன் போதாது. கரை நாடாவை எறிந்து கொடுக்கப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். வெகுகாலமாக அந்த இன்னொருவர், வீட்டுக் குழந்தையாகவோ, முன்பணத்துக்கு ஒப்படைக்கப்பட்ட அடுத்த வீட்டுக் குழந்தையாகவோ இருந்திருக்கின்றது. பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட குழந்தைகளைப்பற்றி 2003-ல் ஒரு சர்வதேச மனித உரிமைச் சங்கம் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம் பெற்றது. வலமும் இடமும் நாடா பறப்பதைக் கண் இமைக்காமல் பார்த்து, சரியான கணத்தில் பிடித்துத் திருப்பி அனுப்புகிற கைக்கு, வலைக்கு அப்பாலிருந்து வரும் பந்தைத் திருப்பி அனுப்பத் தெரியாதா? கைக்குத் தெரியும். ஆனால் அந்தக் கைக்கு மாலை நேரம் சொந்தமில்லையே!

1953-ல் இராஜகோபாலாச்சாரியார் பாதி நேரம் பள்ளியும் பாதி நேரம் அப்பன் தொழிலும் என்று ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று நம் இயக்கம் அதை எதிர்த்து நின்றது; 1954-ல் காமராசர் முதல் மந்திரியானதும் அது ஒழிந்தது. ஒழிந்தது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளிநேரம் போகக் குடும்பத் தொழிலில் குழந்தை உதவலாம் என்று ஒரு வாசல் திறந்து வைத்தார்கள். பள்ளி விட்டபிறகுள்ள நேரம் எது? சூரியன் சாய்ந்து, வெயில் தணிந்து, குழந்தை ஓடி ஆட வேண்டிய நேரமல்லவா? கிளப்புக்காரன் பிள்ளைக்கு அது டென்னிஸ் நேரம்; நெசவாளி பிள்ளைக்கு அது சட்டப்படி தறி நேரம்! பாதி நாள் குலக்கல்வியை முன்வாசலில் துரத்தினோம். அது மாலைநேரக் குலக்கல்வியாய்ப் புழைக்கடை வழியே வந்து உட்கார்ந்துகொண்டது.

பெண் குழந்தையானால் இன்னும் ஒரு பூட்டு. தறி விட்டால் அடுப்படி, அடுப்படி விட்டால் தம்பி தங்கை. அதையும் தாண்டி மட்டையை எடுத்தால், "முழங்கால் தெரிகிறது" என்பார்கள். 2005-ல் சானியா மிர்ஸா உலகப் பந்தயங்களில் ஜெயித்து வந்தபோது, அவர் எப்படி ஆடினார் என்று பார்க்காமல் என்ன உடுத்தினார் என்று பார்த்து மதத்தின் பேரால் கண்டனம் செய்த மௌல்விகள் இருந்தார்கள். எந்த மதமானாலும் பெண் விஷயத்தில் எல்லாம் ஒரே தையற்காரன் தைத்த சட்டைதான்.

பணமா இல்லை?

"எல்லாம் சரி, நகரசபைக்கும் சர்க்காருக்கும் இதற்கெல்லாம் பணமும் இடமும் எங்கே?" என்று கடைசியாகக் கேட்பார்கள். இதற்கும் காஞ்சிபுரமே பதில் சொல்லட்டும்.

குளத்துக்குள் கிடந்த ஒரு மர விக்கிரகத்தை நாற்பது வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே எடுப்பது என்று வைத்திருக்கிறார்கள். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரையில் 48 நாள் அத்திவரதர் உற்சவம் நடந்தது. சுமார் ஒரு கோடி ஜனங்கள் வந்து போனார்கள். அதற்காகக் கொட்டகை போட்டார்கள். தற்காலிக பஸ் நிலையங்கள் அமைத்தார்கள். குடிநீரும் வைத்திய முகாமும் வைத்தார்கள். போலீஸார் ஆயிரக்கணக்கில் வந்து நின்றார்கள். வருகிற ஜனங்களுக்குச் சௌகரியம் செய்தது தப்பு என்று நாம் சொல்லவில்லை. நாம் சொல்லுவது, மனம் வைத்தால் சர்க்காரால் முடியும் என்பது அன்றைக்கே நிரூபணமாகிவிட்டது என்பதுதான். நாற்பது வருஷத்துக்கு ஒரு தடவை எழுந்து உட்காருகிற மரத்துக்கு முடிந்தது, தினந்தோறும் எழுந்து ஓடுகிற குழந்தைக்கு ஏன் முடியாது?

செவிலிமேட்டிலேயே சாலைக்கிணறு என்று ஒரு கிணறு உண்டு. இராமாநுஜரிடம் கடவுளும் அவர் மனைவியும் வேடனும் வேடச்சியுமாக வந்து தண்ணீர் கேட்டார்கள் என்றும், அது முதல் அவர் அந்தக் கிணற்றிலிருந்து தினமும் வரதராஜருக்குத் தண்ணீர் சுமந்தார் என்றும் கதை. கதையில் வேடனுக்கு எவ்வளவு மரியாதை பாருங்கள்! அந்தக் கதைக்கு மண்டபம் உண்டு, பூசை உண்டு. கதையில் வந்த வேடன் ஜாதிப் பிள்ளைக்கு ஓடி ஆட மூன்று கிரவுண்டு இடம் என்று கேட்டால் மாத்திரம் "எங்கே இருக்கிறது?" என்கிறார்கள்.

ஆம், மூன்று கிரவுண்டுதான். டென்னிஸ் கோர்ட்டின் கோட்டுக்குள் நீளம் 78 அடி, அகலம் 36 அடி. சுற்றிலும் ஓட இடம் விட்டால் 120 அடிக்கு 60 அடி. அதாவது 7,200 சதுர அடி. சரியாக மூன்று கிரவுண்டு, பதினாறரை சென்ட். சிமெண்டுத் தரைகூடக் கட்டாயமில்லை. மண்ணும் சாணமும் மெழுகிய தரையில் இந்நாட்டில் எத்தனையோ பேர் ஆடிப் பழகியிருக்கிறார்கள். மெழுகுகிற வித்தை நம் தாய்மார்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. காஞ்சிபுரத்தில் கோர்ட்டு என்றால் வடகலையாரும் தென்கலையாரும் கோவிலில் யார் முதலில் ஓதுவது என்று தலைமுறை தலைமுறையாய் வழக்காடிய கோர்ட்டுத்தான் பிரசித்தம். அந்தக் கோர்ட்டுகளில் கொட்டிய பணத்தில் எத்தனை கோர்ட்டு போட்டிருக்கலாம்!

பணக்காரர் விளையாட்டுக்கு மாத்திரம் இடம் எப்படிக் கிடைக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னைக் கிண்டியில் குதிரைப் பந்தயத்துக்கென்று 160 ஏக்கருக்கு மேற்பட்ட சர்க்கார் நிலத்தை 1945-ல் 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். வாடகை வருஷத்துக்கு ரூ.614-13. அதாவது இன்றைக்கு ஒரு டப்பா டென்னிஸ் பந்து வாங்குகிற பணத்துக்குச் சற்று மேல்! பிறகு உயர்த்திய வாடகையில் ரூ.730 கோடிக்குமேல் பாக்கி என்று சர்க்கார் கணக்குப் பார்த்து, 2024 செப்டம்பரில் அந்தக் குத்தகையை ரத்து செய்தது. அந்த நிலத்தில் மூன்று கிரவுண்டு வீதம் அளந்தால் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட டென்னிஸ் கோர்ட்டு போடலாம். குதிரை ஓட எழுபத்தொன்பது வருஷம் இடம் இருந்தது; குழந்தை ஓட இடமில்லையாம்!

இனி, பொதுவில் நடத்தினால் செலவு எவ்வளவு என்றும் பார்த்துவிடுவோம். ஒரு கோர்ட்டில் காலையிலும் மாலையிலுமாக, பத்துப் பத்துப் பேராய் நாலு வரிசைக்கு நாற்பது குழந்தைகள் ஆடலாம். பொது மட்டை இருபதுக்கு ரூ.40,000, நரம்புக்கு ரூ.30,000, பந்துக்கு ரூ.60,000; ஆளுக்கு ஒரு காலணி வீதம் ரூ.60,000, ஆசிரியருக்கு மாதம் ரூ.20,000 வீதம் ரூ.2,40,000. ஆக வருஷத்துக்கு ரூ.4,30,000. ஒரு குழந்தைக்கு ரூ.10,750. தனியாய்க் கற்றால் ரூ.45,800, கூடிக் கற்றால் அதில் கால் பங்குகூட இல்லை. மந்திரமில்லை, மாயமில்லை, பொதுவுடைமையின் சாதாரணப் பெருக்கல் கணக்குத்தான் இது.

நாம் கேட்பது

ஆகவே செவிலிமேட்டாரும், அதைப்போன்ற மற்ற ஊராரும் கூட்டம் கூடிச் செய்யவேண்டிய தீர்மானங்கள் என்று கீழ்க்கண்டவற்றை முன்வைக்கின்றோம்.

1. ஒவ்வொரு மாநகராட்சியும் நகரசபையும் நெசவாளரும் கூலிக்காரரும் வாழும் பகுதிகளில் மூன்று கிரவுண்டு பொது இடத்தைப் பொறுக்கி, கட்டணமில்லாத டென்னிஸ் கோர்ட்டு ஒன்றாவது அமைக்க வேண்டியது.

2. அதற்கு ஆசிரியரைச் சர்க்கார் சம்பளத்தில் நியமிக்க வேண்டியது. மட்டையும் பந்தும், பள்ளிக்கூடத்துப் புத்தகத்தைப்போலப் பொதுச் சொத்தாயிருக்க வேண்டியது.

3. ஆடும் நேரத்தில் சரிபாதி பெண் குழந்தைகளுக்கென்று ஒதுக்க வேண்டியது. என்ன உடுத்துவது என்பதை அவர்களே தீர்மானிக்க வேண்டியது.

4. சர்க்கார் நிலத்தில் குத்தகைக்கு இருக்கும் கிளப்புகள், அங்கத்தினர் வராமல் கோர்ட்டுகள் சும்மா கிடக்கிற நேரங்களில் ஏழைக் குழந்தைகளுக்குக் கதவைத் திறக்க வேண்டியது. திறக்க மறுத்தால் குத்தகையைப் புதுப்பிக்கக் கூடாதென்பது.

5. குடும்பத் தொழில் என்ற பேரால் பதினாலு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தறியில் உட்காரவைக்க இடங்கொடுக்கும் சட்டப் பகுதியை நீக்க வேண்டியது.

இவற்றால் செவிலிமேட்டிலிருந்து விம்பிள்டனுக்கு ஒருவர் போய்விடுவார் என்று நாம் ஜோசியம் சொல்லவில்லை. ஜோசியம் நமக்குத் தொழிலுமல்ல. நாற்பது குழந்தைகளில் முப்பத்தொன்பது பேர் எந்தப் பட்டமும் பெறாமல் வளர்ந்து, தறிக்கோ ஆபீசுக்கோ போகலாம். அதனால் ஒன்றும் நஷ்டமில்லை. பணக்காரன் பிள்ளை எல்லோரும் பட்டம் பெறுவதற்காகவா ஆடுகிறார்கள்? உடம்பு நன்றாக இருக்கவும், மனம் சந்தோஷமாக இருக்கவும் ஆடுகிறார்கள். ஆடுவதற்கு ஒரு காரணமும் காட்டாமல் ஆடுகிற உரிமை அவர்களுக்கு இருக்கின்றது. ஏழைக் குழந்தையை மாத்திரம் "மெடல் கொண்டு வருவாயா?" என்று கேட்டு, கொண்டுவந்தால்தான் மட்டை என்று சொல்லுவது என்ன நியாயம்? மெடலைக் காட்டாமலே சந்தோஷமாயிருக்க அந்தக் குழந்தைக்கும் உரிமை உண்டு என்பதே சுயமரியாதை.

1925-ல் இதே காஞ்சிபுரத்தில் நடந்த காங்கிரஸ் மாகாண மகாநாட்டில்தான், உத்தியோகத்திலும் சட்டசபையிலும் எல்லா வகுப்பாருக்கும் இடம் வேண்டும் என்று பெரியார் கேட்டார். கேட்டதற்கு இடமில்லாமல் போகவே மகாநாட்டை விட்டு வெளியேறினார். "தகுதியுள்ளவன் தானே வருவான்" என்றுதான் அன்றும் பதில் சொன்னார்கள். இடத்தைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு, தகுதியை மற்றவனிடத்தில் தேடச் சொல்லுகிற அந்தப் பதிலின் யோக்கியதை என்ன என்பது பிறகு உலகத்துக்குத் தெரிந்தது. அன்று கேட்டது நாற்காலியில் இடம். இன்று நாம் கேட்பது மண்தரையில் 120 அடிக்கு 60 அடி இடம். செவிலிமேட்டுத் தாய்மார்களும் தகப்பன்மார்களும் இந்தக் கணக்கை ஒருமுறை தாங்களே போட்டுப் பார்த்து, அடுத்த தேர்தலில் கும்பிடு போட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் கோவில் திருப்பணியைப்பற்றிக் கேட்பதற்கு முன்னால் இந்த மூன்று கிரவுண்டைப்பற்றிக் கேட்கும்படி வேண்டிக்கொள்ளுகின்றோம்.